ஸ்பிரிங்கை மாற்றினால் போதுமா?

கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி பறக்கும் என்று சொல்லும் காணொளிகள் அமெரிக்க டீசல் பிக்அப் ரசிகர்களிடம் ஏராளம். அவற்றைப் பார்க்கும் இயந்திரவியல் மாணவர்கள் சிலர், "தயாரிப்பாளர் வேண்டுமென்றே பூட்டி வைத்த சக்தி இது" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ரேம் பிக்அப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், போஷ் பி7100 பம்ப். பெட்ரோல் எஞ்சினைப் போல் காற்றைக் குறைத்து இதை அடக்க முடியாது. செல்லும் டீசலின் அளவுதான் எல்லாம். அதனால்தான் பம்பின் பின்புறம் கவர்னர் இருக்கிறது. வேகம் கூடக் கூட, சுழலும் எடைகள் வெளியே விரியப் பார்க்கும். ஸ்பிரிங் அவற்றைத் தடுக்கும். எடைகள் ஜெயிக்கும்போது டீசல் குறையும். இந்த எஞ்சினில் அது நிமிடத்திற்குச் சுமார் 2,500 சுழற்சியில் தொடங்குகிறது. கடினமான ஸ்பிரிங் போட்டால் 3,000, ஏன் 4,000 வரைகூட டீசல் குறையாமல் போகும்.

மாற்றுபவர்களிடமும் நியாயம் உண்டு. 2,500-லேயே சக்தி விழுந்தால், அடுத்த கியர் போட்டதும் டர்போ நன்றாக ஊதும் வேகத்திற்குக் கீழே எஞ்சின் இறங்கிவிடும். பாரம் இழுப்பவருக்கு அது பெரிய தொல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2,500-லிருந்து 4,000 என்பது 1.6 மடங்குதான். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய நிலைம விசையோ வேகத்தின் இருமடியாகக் கூடும்; அதாவது 2.56 மடங்கு. வால்வு ஸ்பிரிங் பழையதாகவே இருந்தால் வால்வு நேரத்திற்கு மூடாது, மேலே வரும் பிஸ்டன் அதில் மோதலாம். பிஸ்டன் மேலிருந்து கீழிறங்க 12 மில்லிவினாடி ஆன இடத்தில் இப்போது 7.5 மட்டுமே. அதற்குள் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும்.

இதே 5.9 லிட்டர் எஞ்சின் ஜெனரேட்டர்களிலும் ஓடுகிறது. நம் நாட்டைப் போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டிய இடங்களில் அது 1,500 சுழற்சியைத் தாண்டுவதில்லை. அங்கே யாரும் சக்தியைப் பூட்டி வைத்ததாகப் புகார் சொல்வதில்லையே! எந்த வேலைக்கு எவ்வளவு வேகம் என்று யாரோ உட்கார்ந்து கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கை மாற்ற வேண்டுமானால் தாராளமாக மாற்றலாம். முழுவதும் மாற்ற வேண்டும்.

சாலையில் ஓடும் வண்டிக்கு, வால்வு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டு 3,000 வரை போவதை நான் ஒப்புக்கொள்வேன். 4,000 போட்டிக் களத்திற்கே உரியது. அங்கும் காற்று வழியைச் சட்டென்று அடைக்கும் கருவி இருக்க வேண்டும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு பம்புக்குள் சிக்கிக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது.