கத்தாத தப்பு

நம்ம புதுவைக்கு விடுதலைத் தேதி இரண்டு. பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1-11-1954. சட்டப்படி கைமாறியது 16-8-1962.

மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்க வழக்குப் புரோகிராமிடம் இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவதை, ‘பதினாறாவது மாதம் ஏது?’ என்று தள்ளிவிடும். முதலாவதை மட்டும் சத்தமில்லாமல் ஜனவரி 11 என்று எழுதிக்கொள்ளும்!

நவம்பர் 1-இல் பிறந்தவனுக்கு இப்படி நேர்ந்தால்? ஏறக்குறைய பத்து மாதம் வயசு கூடிவிடும். வேலைக்கு மனு போடும்போது வயது வரம்பில் இடிக்கும். புரோகிராம் எழுதியவனுக்கு நஷ்டமில்லை, மனு போட்டவனுக்குத்தான் வேலை போச்சு!

ஆகவே நம் புராஜெக்ட்களில் ஐ.எஸ்.ஓ. 8601 முறையையே கட்டாயமாக்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை: 1954-11-01. இதில் குழப்பத்துக்கே இடமில்லை. ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் பூஜ்யத்தில் தொடங்கும். நவம்பருக்கு 10 என்று கொடுக்கணும். பிறந்த தேதியோடு நேரத்தை ஒட்டவே கூடாது. நம்ம நள்ளிரவு 12 மணி, யு.டி.சி. கணக்கில் முந்தின நாள் மாலை 6.30. மாற்றும்போது ஒரு நாள் காணாமல் போகும்!

கத்துகிற தப்பை யாரும் திருத்திவிடலாம். கத்தாத தப்பைத் தேடிப் பிடிப்பவன்தான் டெக்னீஷியன். என்ன சொல்றீங்க?