ஆவணி வெயிலில் வாசல் பூக்கள்

ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணி பிறந்துவிட்டால் கோடை போய்விட்டதாகக் கணக்கு. திண்டுக்கல் சமவெளியில் வெயில் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. இடையில் ஓரிரு மழை பெய்தாலும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை வறட்சிதான். அந்த வெயிலிலும் நிறம் குன்றாமல் பூப்பவை செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. நிலக்கோட்டைச் சந்தைக்கும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கும் பூ அனுப்பும் சிறு விவசாயிகள் இவற்றை வயலில் வைக்கிறார்கள். வீட்டு வாசலில் வைப்பதில்லை. தொட்டியில் பூ வளர்ப்பது டவுன்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியல்ல. அந்தப் பத்துத் தொட்டிகளுக்கு விவசாயியிடம் வேறு வேலை உண்டு.

இந்தப் பூக்களுக்கு ஆவணியில் பெரிய கிராக்கி கேரளத்து ஓணத்தால் வருகிறது. அத்தப்பூக்களம் பத்து நாள். அதற்குள் விற்றால் விலை, தவறினால் பறிகூலிகூடத் தேறுவது கடினம். திருவோணமோ ஆண்டுதோறும் நகர்கிறது. 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5, 2026-ல் ஆகஸ்ட் 26. போன வருடம் விதைத்த அதே தேதியில் இந்த வருடமும் விதைப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். தேதி சரியாக அமைந்தாலும் ஆபத்து உண்டு. 2018 வெள்ளத்தின்போதும், 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகும் கேரள அரசு ஓண விழாக்களைக் கைவிட்டது. ஒரே பூவை, ஒரே பண்டிகையை நம்பி ஏக்கர் முழுவதும் நடுவது துணிச்சல் அல்ல, சூதாட்டம்.

செண்டுமல்லிக்கு நாற்றங்காலில் ஏறக்குறைய 30 நாள், நட்டபின் பூக்க ஏறக்குறைய 60 நாள். ஆக மூன்று மாதம். ஆனால் மண்ணும் ரகமும் மாறினால் பத்து நாள் முன்பின் ஆகும். பத்து நாள் என்பது ஓணம் முழுவதும்! தன் மண்ணில், தன் கிணற்றுத் தண்ணீரில் எத்தனை நாள் ஆகிறது என்பதை வாசல் தொட்டி செலவில்லாமல் சொல்லிவிடும். புதிய ரகம் வாங்கும்போது முதலில் தொட்டிகளில் விதைத்து, விதைத்த தேதியையும் முதல் பூ வந்த தேதியையும் பிள்ளைகளின் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லலாம். அடுத்த ஆண்டு வயலுக்கு அதுவே பஞ்சாங்கம்.

தொட்டி விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அடியில் துளையிட்ட எண்ணெய் டின் போதும். வயல் மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. காலை வெயில் கிடைக்கும், ஆடிக் காற்றைச் சுவர் தடுக்கும். தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம். அரிசி, காய்கறி கழுவிய நீரே பத்துத் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் போதும். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் வேண்டாம். மேல்மண்ணில் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். செண்டுமல்லியில் நட்ட 30-ஆம் நாள் நுனிக் குருத்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ அதிகமாகும். பலர் மனம் வராமல் இதை விட்டுவிடுகிறார்கள்.

வாடாமல்லியில் நாம் பூவென்று பறிப்பது காகிதம் போன்ற செதில்களைத்தான். அதனால் காய்ந்தாலும் நிறம் போவதில்லை, சந்தை ஒரு நாள் தவறினாலும் நஷ்டமில்லை. விதையைச் சுற்றிப் பஞ்சு இருக்கும். மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் சீராக முளைக்கும்.

விதைச் செலவு சிறு விவசாயிக்குச் சுமைதான். வீரிய ஒட்டுச் செண்டுமல்லியில் விதை எடுத்து மறுபடி போட்டால் செடிக்குச் செடி பூ மாறும். அதை ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும். வாடாமல்லி, கோழிக்கொண்டை, நாட்டுச் செண்டுமல்லி அப்படியல்ல. வாசல் தொட்டியில் நன்றாகப் பூத்த நான்கு செடிகளை அடையாளக் கயிறு கட்டிப் பறிக்காமல் விட்டு, பூ செடியிலேயே முற்றிக் காய்ந்தபின், ஐப்பசி மழைக்கு முன் எடுத்து நிழலில் உலர்த்திக் காகிதப் பொட்டலத்தில் தேதியிட்டு வைத்தால், அடுத்த வைகாசியில் நாற்றங்காலுக்கு அந்த விதை ஆகும்.