சிரிப்புக்கும் அஞ்சிய நகரம்

1975 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'வெல்கம் பேக், காட்டர்' என்ற நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. ஒரு வாத்தியார், அவர் வகுப்புப் பிள்ளைகள், அரை மணி நேரச் சிரிப்பு. இதைக்கூட ஒளிபரப்ப முடியாது என்று பாஸ்டன் நகரத்தின் ஏபிசி இணைப்பு நிலையம் முதலில் மறுத்துவிட்டது.

அந்த வகுப்பறையில் கறுப்பின மாணவனும் வெள்ளையின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவனும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டனில் அதுதான் பிரச்சினை. பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்று 1974இல் நீதிபதி ஆர்தர் கேரிட்டி தீர்ப்பளித்திருந்தார். தெற்கு பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகள் சென்ற பேருந்துகள் மீது கல் வீசினார்கள். இந்த நேரத்தில் கலந்து படிக்கும் வகுப்பைக் காட்டினால் பதற்றம் கூடும் என்று நிலையம் அஞ்சியது.

'பதற்றம்' நமக்கும் பழகிய சொல்தான். சேரி வழியாகச் சாமி ஊர்வலம் வர வேண்டும் என்று கேட்டாலும், பொதுப்பாதையில் பிணத்தை எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டாலும் அதிகாரிகள் முதலில் சொல்வது அதைத்தான். கல் எறிந்தவன் கோபத்துக்கு அங்கே மரியாதை. கல்லடி பட்டவன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'மாபெரும் விவாதம்' என்ற அந்த முதல் பகுதியின் கதையைப் பாருங்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பள்ளி. தேறாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களுக்கு அங்கே 'ஸ்வெட்ஹாக்ஸ்' என்று பெயர். வியர்வைப் பன்றிகள் என்று பொருள். இவர்கள் உருப்பட மாட்டார்கள் என்பது துணை முதல்வர் உட்மனின் முடிவு. வாத்தியார் காட்டர் அதே பள்ளியில், அதே பெயர் சூட்டப்பட்டுப் படித்தவர். அவருடைய பிள்ளைகள் பள்ளியின் விவாதக் குழுவோடு மோதுகிறார்கள். மனிதர் இயல்பிலேயே மூர்க்கமானவரா என்பது தலைப்பு. பாஸ்டன் தெருக்கள் இதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்த மாதம் அது!

காட்டராக நடித்த கேப் காப்லன் தம் பள்ளி நாட்களை வைத்தே இத்தொடரை உருவாக்கினார். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசும்போது அதில் ஏளனம் இல்லை. அதனால் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நம்மால் சிரிக்க முடிகிறது.

ஆனாலும் நமக்கொரு குறை உண்டு. இவர்களைத் தனி வகுப்பாக ஒதுக்கியது யார் என்ற கேள்வியைச் சிரிப்பு மூடிவிடுகிறது. இழிவாக வைத்த பெயரைப் பிள்ளைகளே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 4 ஆண்டுகள் ஓடிய தொடரில் அந்தப் பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை.

கறுப்பின மக்களின் துயரமும் நம் துயரமும் ஒன்றையொன்று அறிந்தவை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணல் அம்பேத்கர், இந்த ஒற்றுமையைக் குறித்து 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கண்ணோடுதான் நம் வகுப்பறைகளையும் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதற்குப் பைசா செலவில்லை. ஆசிரியர் மனம் வைத்தால் நாளைக் காலையே செய்யலாம்.

இன்னொன்றும் செய்யலாம். உதவித்தொகைப் பட்டியலுக்காக "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் குரல் கொடுப்பதை நிறுத்தலாம். விவரம் அலுவலகப் பதிவேட்டிலேயே இருக்கிறது. எழுந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து முதல் வரிசையில் எழும் சின்னச் சிரிப்பு யாரையும் மகிழ்விக்கும் நகைச்சுவை அன்று. அந்தச் சிரிப்பு எழ இடம் தராத ஆசிரியரே நமக்குத் தேவை.