நூறு குழி என்றால் எவ்வளவு?

சில மாதங்களாக எங்கள் வீட்டில் யாராவது 'குழி' என்று சொன்னாலே பேச்சு நின்றுவிடும். தெருவில் தோண்டிப் போடுகிற குழி இல்லை. நிலத்தை அளக்கிற குழி.

மதுராந்தகம் பக்கத்தில் அப்பா வழி நிலம் கொஞ்சம் இருக்கிறது. தாத்தாவும் அவருடைய தம்பியும் எழுதிக்கொண்ட பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எங்கள் பங்கு 'குழி 100' என்று இருக்கும். நாங்கள் பயிர் வைப்பது ஒரு ஏக்கர் 32 சென்ட். இரண்டு தலைமுறையாக யாரும் கேள்வி கேட்டதில்லை.

சித்தப்பா வீட்டுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். நல்ல பிள்ளை. ஒருநாள் பத்திரத்தைப் படித்துவிட்டு, "மாமா, நூறு குழின்னா ஒரு மா. முப்பத்து மூணு சென்ட்தானே! மிச்ச ஒரு ஏக்கர் நம்ம பங்காச்சே" என்றார். உடனே போனில் தேடிக் காட்டினார். போனும் அதையேதான் சொன்னது. "பட்டாவில் அவங்க பேர்ல ஒரு ஏக்கர் 32 சென்ட் இருக்கே" என்றதற்கு, "தப்பா ஏத்தியிருப்பாங்க" என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். தீபாவளிப் பலகாரம் போய்வருவது நின்றது. என் தம்பி மகள் காதுகுத்துக்குச் சித்தப்பா வரவில்லை. தூக்கி வளர்த்த மனுஷர், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு வரவில்லை.

அக்கா மகள் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டவள், "சித்தி, எங்க லைப்ரரியில ரெஃபரன்ஸ் பிரிவு இருக்கு. பெர்மிஷன் வாங்கறேன், வாங்க" என்றாள். கல்லூரி முடித்து முப்பது வருஷம் கழித்து ஒரு பெரிய நூலகத்துக்குள் நுழைந்தேன்.

போனதும் நான் செய்த முதல் தப்பு, "தமிழ் அகராதி எங்கே?" என்று கேட்டது. அங்கிருந்த நூலகர் அம்மா சிரித்தபடி, "புத்தகத்தை நான் எடுத்துத் தர்றேன். உங்களுக்கு என்ன தெரியணும், அதைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "நிலம் எந்த ஊர்ல இருக்கு? பத்திரம் எந்தக் காலத்துது?" என்று இரண்டே கேள்வி கேட்டார். இந்த இரண்டையும் அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை!

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939-ல் அனுபந்தம் தனியாக வந்தது. 'குழி' என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்! பள்ளமும் உண்டு, நில அளவும் உண்டு. "அகராதி வழி காட்டும். அங்கேயே நின்னுடக் கூடாது" என்று சொல்லி, மேலும் இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, வில்சன் என்பவர் 1855-ல் வெளியிட்ட வருவாய், நீதித்துறைச் சொற்களின் தொகுப்பு. மற்றொன்று, 1879-ல் வந்த பழைய செங்கல்பட்டு மாவட்டக் கையேடு.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து, நானும் அவளும் நோட்டில் கணக்குப் போட்டோம். விஷயம் இதுதான்: குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம். ஆனால் கோல் ஊருக்கு ஊர் வேறு. தஞ்சாவூர்க் கணக்கில் 12 அடிக் கோல். குழிக்கு 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. செங்கல்பட்டுக் கணக்கில் 24 அடிக் கோல். குழிக்கு 576 சதுர அடி. நூறு குழி 57,600 சதுர அடி. அதற்குப் பெயர் காணி. ஏக்கரில் சொன்னால் ஒரு ஏக்கர் 32 சென்ட்!

இன்றும் சென்னையில் ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடிதானே? 24 கிரவுண்ட் சேர்ந்தால் ஒரு காணி. நாம் தினம் சொல்லும் கிரவுண்டுக்கும் தாத்தாவின் குழிக்கும் இப்படி ஒரு சொந்தம்.

மாப்பிள்ளை சொன்னதும் பொய் இல்லை. அவர் ஊர் நிலத்துக்கு அது சரியான கணக்கு. போனும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. எந்த ஊர்க் குழி என்று நாம் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

அன்று நான் கற்றுக்கொண்டதை, வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

குறிப்புதவி நூல்களை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டாம். கேள்வியோடு போய் அவற்றிடம் கேட்க வேண்டும். கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

புத்தகத்தின் முன்பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள். சுருக்கக் குறியீடுகளின் விளக்கம் அங்கேதான் இருக்கும். புள்ளி வைத்த எழுத்தைச் சில அகராதிகள் முன்னால் வைக்கும், சில பின்னால் வைக்கும். அது தெரியாமல் 'இந்தச் சொல்லே இல்லை' என்று மூடிவைப்பவர்கள் நிறையப் பேர்.

எந்த வருஷத்துப் புத்தகம் என்று பாருங்கள். பழைய பத்திரத்துக்குப் பழைய புத்தகம் உதவும். இன்றைய சட்டத்துக்கு உதவாது. ஒரு புத்தகத்தோடு திருப்தி அடையாமல், இன்னொன்றிலும் சரிபாருங்கள். தொகுதி, பக்கம், வெளியான ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். யார், எப்போது கேட்டு வந்தாலும் அவை இருந்தாக வேண்டும் அல்லவா? எடுத்ததை நாமே அலமாரியில் வைக்கவும் கூடாது, மேசையிலேயே விட்டுவிட வேண்டுமாம். "இடம் மாத்தி வச்ச புத்தகம், தொலைஞ்ச புத்தகம் மாதிரிதாம்மா" என்றார் நூலகர்.

கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்களுக்கு மிச்சமானது நேரம் மட்டும் இல்லை. கோர்ட், வக்கீல், வாய்தா எல்லாமும்தான்.

பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்களுக்கு, சென்னையில் கன்னிமாரா நூலகமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. தமிழ் லெக்சிகனைப் போனிலேயே இலவசமாகத் தேடலாம். வெளியாட்களை அனுமதிக்கும் பல்கலைக்கழக நூலகங்களும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நிலத் தகராறில் புத்தகம் தீர்ப்பு சொல்லாது. சர்வேயர் அளந்து, ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவு. ஆனால் சண்டைக்குக் காரணமான ஒரு சொல்லின் அர்த்தத்தை அது சொல்லிவிடும்.

நகலெடுத்த பக்கங்களோடு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளைதான் முதலில் படித்தார். நோட்டில் இருந்த கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். "எங்க ஊர்க் கோலால உங்க ஊர் நிலத்தை அளந்துட்டேன் அக்கா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தெரியாமல்தானே சொன்னார்!

சித்தப்பா எதுவும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "குழந்தைக்கு எந்தக் காதுல முதல்ல குத்தினீங்க, ரொம்ப அழுதாளா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் அவர்களுக்குச் சாப்பாடு.