நடுக்குரல்காரி

மேல்நாட்டு சங்கீதத்தில் பெண் குரலை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். உச்சியில் சோப்ரானோ. அடியில் கான்ட்ரால்டோ. நடுவில் மாட்டிக்கொண்டவர் மெஸ்ஸோ-சோப்ரானோ. இத்தாலியில் 'மெஸ்ஸோ' என்றால் பாதி. வீட்டில் நடுப் பிள்ளைக்கு என்ன கதியோ அதே கதிதான் இவருக்கும். ஆபராவில் காதலிப்பது, கடைசிக் காட்சியில் பாடிக்கொண்டே செத்துப்போவது எல்லாம் பெரும்பாலும் சோப்ரானோ. கார்மென் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, மெஸ்ஸோவுக்கு அம்மா, தோழி, சூனியக்காரி. இல்லாவிட்டால் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஆண் வேஷம். மைக்கும் கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்.

"இதுக்குப் போய் யாராவது வருஷக்கணக்கா சாதகம் பண்ணுவாளா?" என்றாள் என் மனைவி. ஜேனட் பேக்கர் பண்ணினார் என்றேன்.

1933-ல் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் பிறந்தவர். பத்து வயதில் அண்ணனை இதய நோய்க்குப் பறிகொடுத்தார். அப்போதே பொறுப்பு தன் தலையில் ஏறிவிட்டது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் வங்கி வேலை. (பி.காம். படித்த எனக்கு இந்த இடத்தில் லேசாக நெஞ்சு நிமிர்ந்தது.) 1953-ல் லண்டன் போய் முறையாகக் குரல் பயின்றார். 1956-ல் கேத்லீன் ஃபெரியர் பெயரில் நடந்த போட்டியில் இரண்டாம் பரிசு. அதே வருஷம் ஒரு பஸ் மோதித் தள்ளியது. தலையில் அடி, தீராத முதுகுவலி. ஆனால் பாட்டு நிற்கவில்லை. 1976-ல் 'டேம்' பட்டம். பெஞ்சமின் பிரிட்டன் 'ஃபீட்ரா'வை இவர் குரலுக்கென்றே எழுதினார்.

யார் இந்த ஃபெரியர்? அவரும் இங்கிலாந்துக்காரர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து பாடகியானவர். கான்ட்ரால்டோ. க்ளுக்கின் 'ஆர்ஃபியோ', 1762-ல் அரங்கேறிய ஆபரா, அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆண் வேஷம்தான். 1953 பிப்ரவரியில் லண்டன் கோவன்ட் கார்டனில் அதைப் பாடும்போது, புற்றுநோய் அரித்திருந்த தொடை எலும்பு மேடையிலேயே முறிந்தது. வலியோடு கடைசி வரை பாடி முடித்தார். அதன் பிறகு மேடை ஏறவில்லை. அக்டோபரில் காலமானார். வயது 41.

ஜேனட் பேக்கரும் ஆபராவுக்கு மங்களம் பாடியது அதே ஆர்ஃபியோவில்தான். 1982 ஜூலை, க்ளைண்ட்போர்ன். வயது 48. யாரும் போகச் சொல்லவில்லை. குரல் நன்றாக இருக்கும்போதே அவராக முடிவெடுத்து, அந்தக் கடைசி வருஷத்தை ஒரு நாட்குறிப்புப் புத்தகமாகவும் எழுதிவிட்டு இறங்கினார்.

எனக்குக் கணக்குப் பாஷைதான் வரும். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கலாம். தேய்ந்து போனால் வேறு வாங்கலாம். தொண்டையில் அந்த வசதி இல்லை. மூலதனமும் அதுதான், சரக்கும் அதுதான். எந்த வருஷம் கணக்கை முடிப்பது என்று தெரிவதுதான் பெரிய வித்தை. ஃபெரியருக்கு அந்த வருஷத்தை வியாதி தீர்மானித்தது. பேக்கர் தானே தேதி குறித்தார்.

ஆர்ஃபியோவின் கதை தெரியுமோ? செத்துப்போன மனைவியைப் பாட்டுப் பாடியே பாதாள உலகத்திலிருந்து மீட்டு வருகிறான். ஒரே நிபந்தனை: வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாவி, திரும்பிப் பார்த்துத் தொலைத்தான்.

அந்த வேஷத்தைப் போட்ட பேக்கர் திரும்பவில்லை. சில வருஷம் கச்சேரிகளில் மட்டும் பாடினார். ஆபரா மேடைக்கு வரவேயில்லை.

ரிடையரான மறுநாளே ஆபீஸுக்குப் போய், "என் நாற்காலியில யாருப்பா?" என்று எட்டிப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர் இருக்கிறார்கள்.