சருகுக்குள் ஒரு சிற்றுயிர்

சிலந்தி என்றதும் கூரை மூலையில் தொங்கும் வலையே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால், காட்டு நிலத்தில் உதிர்ந்து மக்கிக் கிடக்கும் சருகுகளுக்கிடையே பிறந்து, வாழ்ந்து, மடியும் சிலந்திகளும் உள. அவற்றுள் ஒன்றைப் பற்றி இவ்வாரம் பேசுவோம்.

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ற் நாட்டைச் சேர்ந்த சிலந்தியொன்று 1993ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 'அனப்பிஸ்துலா சேக்குலா' என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 'சேக்குலா' என்னும் இலத்தீன் சொல் பார்வையற்ற சிறியதைக் குறிக்கும். அதன் பெண் 0.46 மில்லிமீற்றர் நீளமே உடையது. இரண்டை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீற்றர் நிரம்பாது! அதுவரை அறியப்பட்ட பெண் சிலந்திகளுள் அதுவே மிகச் சிறியது.

இத்தகைய சிற்றுயிர்களைச் சருகிலிருந்து பிரித்தெடுப்பது எங்ஙனம்? சருகைச் சல்லடையால் அரித்துப் புனலொன்றில் இட்டு, மேலே விளக்கை ஏற்றி வைப்பது ஒரு முறை. மேற்புறம் உலர உலர, ஈரத்தையும் இருளையும் நாடும் பிராணிகள் கீழிறங்கி, மதுசாரம் உள்ள குப்பியில் வீழ்ந்துவிடும். இத்தாலியரான பேர்லேசே தொடக்கிய முறையைச் சுவீடன் தேசத்தவரான துல்கிரேன் இவ்வாறு விளக்குப் பொருத்தித் திருத்தியமைத்தார்.

குப்பியில் அகப்பட்டது புதிய இனமென்று உடனே கூறிவிடலாமா? இயலாது. அது பெரிய சிலந்தியொன்றின் குஞ்சாகவும் இருக்கலாமன்றோ? இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்திருந்தாற்றான் அது முழு வளர்ச்சி பெற்றதெனத் துணியலாம். அவ்வுறுப்புகளின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடும். ஆகவே அவற்றை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, படம் வரைந்து, முன்னரே பெயர்பெற்ற இனங்களுடன் ஒப்பிட வேண்டும். பின்னர் விவரணத்தை வெளியிட்டு, மூலமாதிரியை நூதனசாலையில் வைப்பர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அதுவே சான்று. 1757இல் கார்ல் கிளேர்க் எழுதிய நூலிலிருந்து தொடங்கும் சிலந்திப் பெயர்களின் பட்டியல், 2022இல் 50,000 இனங்களை எட்டியது.

இத்தனை சிரமம் ஒரு துரும்பளவும் இல்லாத உயிருக்காகவா என்று மாணவர் வினவக்கூடும். ஐவரி கோஸ்ற், உலகில் மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடு. 1960இல் சுதந்திரம் பெற்றபின் அந்நாட்டுக் காடுகளின் பெரும்பகுதி அழிந்தது. அவ்வழிவுக்குக் கொக்கோப் பயிர்ச்செய்கை முக்கிய காரணங்களுள் ஒன்று. நாம் சுவைக்கும் சொக்கலேற்றின் கதையில் இதுவும் ஒரு பகுதி. காடு வீழ்ந்தால் நிழல் போகும், ஈரம் போகும், அச்சருகை நம்பியிருந்த உயிர்களும் போகும்.

பெயருள்ள உயிர் அழிந்தால், அது அழிந்ததென்றாவது அறிவோம். பெயர் பெறாமலே அழிவது இருந்ததற்குச் சான்றே இல்லை. பெயரிடுதல் காத்தல் ஆகாது. எனினும், காப்பதற்கு முதற்படி அதுவே.