ஏழு நாளும் ஏறுமுகமா?

ஆல்ப்ஸ் மலைக்கு மிதிவண்டியுடன் ஒரு வாரப் பயணம் மேற்கொள்வோருள் பலர், புறப்படுவதற்கு முன்பே ஒரு பட்டியலை எழுதி முடித்துவிடுகின்றனர். ஆல்ப் துயேஸ், குருவா த பேர், கலிபியே, இசெரான், ஸ்தெல்வியோ எனப் புகழ்பெற்ற பெயர்கள் அதில் வரிசையாக நிற்கும். நாளுக்கு ஒரு கணவாய். சில நாள்களில் இரண்டு. இதனைத் திட்டம் என்று அவர்கள் அழைக்கின்றனர். இது திட்டமன்று, ஆசையின் பெயர்ப்பட்டியல். எவற்றை ஏறுவது என்பதோடு, எவற்றை விட்டுவிடுவது என்பதையும் முடிவு செய்வதே திட்டம்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து அமைத்தார். அரசனை முன்னிறுத்திக் கூறப்பட்டவையாயினும், மலையேறப் புறப்படுவோனுக்கும் அவை பொருந்தும். பட்டியல் எழுதுவோர் தவறுவது இம்மூன்றிலுமே.

முதலாவது வலி. ஆல்ப் துயேஸ் ஏற்றத்தின் நீளம் 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு ஏறத்தாழ 8 விழுக்காடு, வளைவுகள் 21. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவர் உச்சியை அடைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அவருடைய வண்டியில் முன்னே 34 பற்களும் பின்னே 25 பற்களும் கொண்ட சக்கரங்கள் இருப்பின், நிமிடத்திற்கு 47 சுற்று மட்டுமே மிதிக்க இயலும். பின்சக்கரத்தில் 34 பற்கள் இருப்பின் அதே வேகத்தில் 63 சுற்று மிதிக்கலாம். இவ்வேறுபாட்டை ஊரிலேயே கணக்கிட்டு உரிய சக்கரத்தைப் பொருத்தாதவர், மலையில் தம் முழங்காலை விலையாகக் கொடுக்கிறார்.

சராசரியை நம்புவதும் பிழையே. குருவா த பேர் கணவாயை மேற்குப் புறமிருந்து ஏறும் பாதையில் இடையிடையே இறக்கங்கள் வருகின்றன. ஏறிய உயரத்தை இழந்து மீண்டும் ஏற வேண்டும். அவ்விறக்கங்களால் சராசரி குறைந்து தோன்றும். சில இடங்களிலோ சரிவு 10 விழுக்காட்டையும் தாண்டும். தாளில் எளிது; காலுக்குக் கடிது.

இரண்டாவது காலம். 720 மீட்டர் உயரத்திலுள்ள பூர் துவாசான் ஊரிலிருந்து 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே உச்சிக்குச் செல்பவர், ஏறத்தாழ 12 பாகை வெப்ப வேறுபாட்டைக் கடக்கிறார். வியர்வையில் நனைந்த உடலோடு அவ்வுச்சியிலிருந்து இறங்கும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், இத்தாலியச் சுற்றுப்போட்டி காவியா கணவாயைப் பனிப்பொழிவிடையே கடந்தது. உச்சியை முதலில் அடைந்த நெதர்லாந்து வீரர் யோகான் வான் டெர் வெல்டே, இறக்கத்தில் குளிரால் நிலைகுலைந்து, அன்றைய வெற்றியாளருக்கு முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தங்கினார். 2019ஆம் ஆண்டு ஜூலை 26இல், இசெரானுக்கு அப்பால் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் பாதையை மூடவே, பிரான்சுச் சுற்றுப்போட்டியே இடையில் நிறுத்தப்பட்டது. கோடையிலும் மலை தன் விருப்பப்படியே நடக்கும். நாள்காட்டியில் குறித்த நாளன்றே ஏறியாக வேண்டும் எனும் பிடிவாதம் வீரமாகாது.

மூன்றாவது இடம். கலிபியே பிரான்சில் உள்ளது. ஸ்தெல்வியோ இத்தாலியில் உள்ளது. இரண்டையும் ஒரே வாரத்தில் அடைக்க முனைபவர், ஒரு பகலை மிதிவண்டியிலன்றிக் காரில் கழிக்கிறார். பாதையும் என்றும் ஒரேபோல் இருப்பதில்லை. 2015இல் ஷம்போன் அணைக்கட்டருகே மலைச்சரிவால் சுரங்கப்பாதை மூடப்பட்டது. அதனால் அவ்வாண்டுப் பிரான்சுச் சுற்றுப்போட்டியே கலிபியேவைக் கைவிட்டுக் குருவா த பேர் வழியாகச் சென்றது. அத்துணைப் பெரிய போட்டிக்கே மாற்றுவழி தேவைப்பட்டதென்றால், தனிப் பயணிக்குத் தேவைப்படாதா?

“இத்துணைச் செலவு செய்து, இத்துணைத் தொலைவு சென்றபின் ஒருநாள் சும்மா இருப்பதா?” என்று சிலர் வினவுவர். செலவழித்த பணம் தசைகளுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சோர்ந்தவர் நான்காம் நாளும் ஏறினால், ஐந்தாம் நாள் கண்முன்னே நிற்கும் மலையை அவரால் காணவும் இயலாது. முன்சக்கரத்தை மட்டுமே காண்பார். “போட்டி வீரர்கள் மூன்று வாரம் ஓட்டுகின்றனரே” என்பர் வேறு சிலர். அவர்களுக்குப் பின்னால் உணவும் உடையும் ஏந்திய வாகனங்கள் செல்கின்றன; எதிரே வண்டி வாராதபடி சாலைகள் அடைக்கப்படுகின்றன. அவர்களுக்கும் அம்மூன்று வாரத்தில் இரண்டு ஓய்வு நாள்கள் உண்டு என்பதை இவர்கள் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

ஆகவே ஒரே ஊரில் தங்குவதே அறிவுடைமை. பூர் துவாசானில் தங்குபவர் முதல் நாள் பள்ளத்தாக்குச் சாலையில் காலைப் பழக்கலாம். இரண்டாம் நாள் ஆல்ப் துயேஸ். மூன்றாம் நாள் குருவா த பேர். நான்காம் நாள் ஓய்வு. எஞ்சிய மூன்று நாள்களுள் வானம் தெளிந்த நாளில், விடியலிலேயே புறப்பட்டு, 2,058 மீட்டர் உயரமுள்ள லோத்தரே வழியாகக் கலிபியேவை ஏறலாம். வழியிலுள்ள சுரங்கப்பாதைகளுக்கு விளக்கும், இறக்கத்திற்குக் காற்றுப் புகாத மேலுடையும் கையுறையும் உடன் இருத்தல் வேண்டும். மற்ற இரண்டு நாள்களுள் ஒன்றில் அருகிலுள்ள சிறிய ஏற்றம் ஒன்று. மற்றொன்று வெறுமையாகவே இருக்கட்டும். மழைக்கோ, வலிக்கோ, மனம் விரும்பிய வழிக்கோ அது பயன்படும்.

ஏழு கணவாய்களின் பெயரைச் சொல்லத் தெரிந்து, ஒன்றையும் நினைவில் கொள்ளாமல் திரும்புவதில் பெருமை ஏதுமில்லை. மூன்று மலைகளை முழுவலியோடு ஏறி, கண்ணாரக் கண்டு, ஊறின்றி இறங்கி வருவோரே ஆல்ப்ஸுக்குச் சென்று வந்தவராவர்.